எண்பத்தேழின் ஆஜர்

சங்குமுனையில் ஒரு படகு மூழ்கினால் கரையில் மூன்று காரியங்கள் நடக்கும். கோயில் மணி அடிக்கும். மற்றப் படகுகள் மூன்று நாள் கடலுக்குப் போகாது. மூன்றாவதாக, மீன் ஏலக்கூடத்து மாடியில் உட்கார்ந்திருக்கும் ஆக்னஸ் ரொட்ரிகோ அந்தப் படகின் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். அமலனின் படகுக்கு முதல் இரண்டும் நடந்தன. மூன்றாவது நடக்கவில்லை.

அதைக் கண்டுபிடிக்க மூன்று வருடம் கழித்து ஓர் ஆள் வந்துவிட்டான்.

"எண்பத்தேழு, விண்மீன். படகு மூழ்கியாச்சு, ஆள் போயாச்சு, அரசாங்கப் பதிவுல இருக்கு. உங்க பட்டியல்ல மட்டும் இன்னும் உயிரோட இருக்கே மேடம், அது எப்படி?" என்று கேட்டான் நெய்னா முகம்மது. தலைமையகத்திலிருந்து தணிக்கைக்கு வந்திருந்த பொறியாளன். காயல்பட்டினத்துக்காரன், முப்பது வயது இருக்கும். கடுமையாகப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்து, கடுமை வராமல் கஷ்டப்படுகிற முகம்.

"படகுதான் போச்சு சார். பெட்டி இருக்கு. அவங்க அம்மா வீட்டுல இருக்கு."

"வீட்டுல இருக்கிற பெட்டி எதுக்கு மேடம் கடல் பட்டியல்ல?"

ஆக்னஸ் மேசைமேல் கிடந்த தாள்களை அடுக்கினாள். சொல்லத் தொடங்கினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"சாயந்திரம் எடுத்துடறேன். நீங்க பக்கத்துல இருந்தா போதும்" என்றான் நெய்னா, மன்னிப்புக் கேட்பதைப் போல.

பெட்டி என்பது அரைச் செங்கல் அளவுள்ள கறுப்புப் பெட்டி. சங்குமுனைப் படகு ஒவ்வொன்றிலும் ஒன்று இருந்தது. பெரும்புயல் என்றால் வானிலை நிலையம் நான்கு நாள் முன்னதாகவே சொல்லிவிடும். ஆனால் சூடேறிப்போன இந்தக் கடலில் ஒரு துண்டு மேகத்திலிருந்து பிறந்து, இரண்டு மணி நேரம் ஆடி, படகுகளைக் கவிழ்த்துவிட்டுத் தடயமில்லாமல் மறைகிற சிறு சுழல்களை எந்த நிலையத்தாலும் முன்கூட்டிப் பார்க்க முடியவில்லை. ஊரில் அதைப் பேய்ச்சுழி என்றார்கள். அதைப் பார்க்கக்கூடியவை அதன் நடுவே நிற்கும் படகுகள் மட்டும்தான். அதனால்தான் படகுகளையே கணக்குப் போட வைத்தார்கள். ஒரு பெட்டிக்குத் தனியாக ஒன்றும் தெரியாது. எல்லாப் பெட்டிகளும் சேர்ந்தால் கடலே தன்னைப் பற்றி யோசிப்பதைப் போல ஆகிவிடும்.

சேர்வதற்கு ஒரு முறை உண்டு. கரையிலிருந்து அழைப்பு போனதும் ஒவ்வொரு பெட்டியும் விழித்து, "ஆஜர்" என்று சொல்ல வேண்டும். எல்லாம் வந்த பிறகுதான், "நீ இத்தனையாவது, மொத்தம் இத்தனை பேர்" என்று ஒவ்வொன்றுக்கும் உறுதியாகும். அதன் பிறகுதான் ஒன்றோடொன்று பேசலாம். ஒன்று வராவிட்டால் மற்றவை எல்லாம் காத்திருக்கும், அதட்டினாலும் நகராது. தொடங்கிவிட்டாலோ, பிந்தி வருகிறவருக்குக் கதவு திறக்காது. எண்கள் சைபரிலிருந்து தொடங்கின. சைபர் ஆக்னஸின் மேசைமேல் இருக்கும் கரைப் பெட்டி. "எங்க எல்லாரையும் கூப்பிடுத பெட்டிக்கு நம்பர் சைபரா? நல்ல மரியாதைதான்" என்று பெட்டி வந்த புதிதில் ஊரே சிரித்தது. ஆக்னஸுக்கு அது பிடித்திருந்தது. கூப்பிடுகிறவன் தன்னைச் சைபராக வைத்துக்கொள்வதுதான் நியாயம் என்று அவளுக்குத் தோன்றியது.

நாள்தோறும் காலை ஏழு மணிக்குச் சோதனைக்காக ஒரு தடவை ஆஜர் எடுப்பாள். அன்று எடுக்கவில்லை. தணிக்கைக்காகக் கணினியை நெய்னா வாங்கி வைத்துக்கொண்டிருந்தான்.

பிற்பகல் இரண்டு பத்துக்குச் சைபரின் திரையில் காற்றழுத்தக் கோடு திடீரென்று சரிந்தது. ஆக்னஸ் எழுந்து ஜன்னல் வழியே பார்த்தாள். தென்கிழக்கே கடல் ஈயத்தைப் போல மங்கிக் கிடந்தது. கீழே கருவாடு காயப்போட்டிருந்த பெண்கள் தலையை உயர்த்தி, ஒரே நேரத்தில் கையிலிருந்த வேலையை நிறுத்தினார்கள்.

"சார், எந்திரிங்க. எனக்கு இப்ப அந்த நாற்காலி வேணும்."

நெய்னா நகர்ந்தான். அவள் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு அழைப்பை அனுப்பினாள்.

இதை ஆயிரம் தடவை பார்த்திருந்தாலும் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் மேனி சிலிர்க்கும். இருண்ட வரைபடத்தில் முதலில் ஒரு புள்ளி. பிறகு இரண்டு. பிறகு கைநிறைய அரிசியை வீசியதுபோல நாற்பது, ஐம்பது. பன்னிரண்டு, ஆஜர். எழுபது, ஆஜர். நூற்று மூன்று, ஆஜர். எங்கெங்கோ அலைமேல் ஆடிக்கொண்டிருக்கும் படகுகள், ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமலே, ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றன. பூசைக்குச் சனங்கள் வந்து சேருவதைப்போல.

எண்ணிக்கை நூற்று நாற்பத்து மூன்றில் நின்றது. மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு.

நெய்னா பெருமூச்சு விட்டான். "நான் பயந்தது இதுதான் மேடம். உங்க எண்பத்தேழு வரல. ஒரு செத்த படகுக்காக இத்தனை பேரும் காத்துக்கிட்டு..."

"இல்ல சார்." ஆக்னஸின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "எண்பத்தேழு வந்திருச்சு."

வரைபடத்தில் அந்த எண் எப்போதும் கோயிலுக்குப் பின்னால், குடிசைமாற்று வீடுகளுக்கு நடுவே ஒளிரும். இன்று அங்கே இல்லை. கரையிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, ஆழக்கடலில், அமலன் வலை போட்டுவந்த அதே இடத்தில் நின்றது. எண்பத்தேழு, ஆஜர்.

நெய்னா திரையைத் தொட்டுப் பார்த்தான். "சுப்ஹானல்லாஹ்" என்றான் மெதுவாக. பிறகு பொறியாளனாகத் திரும்பி, "அப்ப யாரு வரல?" என்றான்.

"முப்பத்தொண்ணு."

முப்பத்தொன்று, சம்மனசு. அவளுடைய தம்பி இன்னாசியின் படகு. அவனோடு நான்கு பேர்.

வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாள். மின்னல் காற்றில் கரகரப்பு மட்டும் வந்தது. நெய்னா நின்றபடியே கணக்குப் போட்டான். "முப்பத்தொண்ண எடுத்துட்டுப் புதுப் பட்டியல் அனுப்பலாம். ஒவ்வொரு பெட்டியா அனுப்பணும். ஒண்ணுக்கு இருபது செகண்ட். எல்லாத்துக்கும் நாற்பத்தெட்டு நிமிஷம்."

"சுழி வர?"

"முப்பத்தஞ்சு நிமிஷம். நாற்பதுக்கு மேல போகாது." அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "காலையில நான் கம்ப்யூட்டரை வாங்காம இருந்திருந்தா ஏழு மணிக்கே இது தெரிஞ்சிருக்கும்."

ஆக்னஸ் எண்பத்தேழையே பார்த்தாள். செத்தவன் படகு எழுந்து போகவில்லை. ஒரு பெட்டி போயிருக்கிறது. பெட்டியை ஒரு கை எடுத்துக் கொடுத்திருக்கிறது. அந்தக் கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

"சார், ஒண்ணு கேக்கேன். முப்பத்தொண்ணு கடல்லதான் இருக்கணும்னு இருக்கா?"

"எங்க இருந்தா என்ன? அதுக்குரிய பங்கை அது கணக்குப் போடணும், அவ்வளவுதான். எழுந்து ஆஜர் சொன்னா போதும்."

"அப்ப பட்டியல் அனுப்பாதீங்க. அனுப்ப ஆரம்பிச்சிட்டா பாதிப் பேருக்குப் பழைய கணக்கு, பாதிப் பேருக்குப் புதுக் கணக்குன்னு ஆயிரும். பத்து நிமிஷம் கொடுங்க."

"பத்து நிமிஷம் கழிச்சு நீங்க வரலைன்னா, பட்டியல் அனுப்பக்கூட நேரம் இருக்காது அக்கா."

மேடம் அக்கா ஆனதை இருவருமே கவனிக்கவில்லை.

"இப்பவே நேரம் இல்லையே தம்பி" என்று சொல்லிவிட்டு, திருப்புளிகள் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கி ஓடினாள்.

அமலனின் அம்மா பிலோமினாவின் வீடு கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. மழை இன்னும் விழவில்லை. காற்று மட்டும் மணலை வாரி முழங்காலில் அடித்தது. பிலோமினா வாசலில் நெத்திலிக் கருவாட்டைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதுக்கு உறுதியான உடம்பு. ஆக்னஸைக் கண்டதும் சாக்கை அப்படியே விட்டாள்.

"ஏ ஆக்னஸ், நீ ஏன் ஓடி வார? மாடியில இருக்க வேண்டிய நேரமில்லா?"

"மாமி, முப்பத்தொண்ணு எங்க?"

உள்ளே, அமலன் படத்துக்குக் கீழே உள்ள ஸ்டூலில், எண்பத்தேழு மூன்று வருடமாக இருந்த இடத்தில், வேறொரு பெட்டி இருந்தது. மேலே வெள்ளைச் சாயத்தில் 31. வயரெல்லாம் ஒழுங்காகச் செருகியிருந்தது. விளக்கு எரியவில்லை.

"காலையில உன் தம்பி வந்தான்" என்றாள் பிலோமினா, அவளைப் பின்தொடர்ந்து வந்தபடி. "பெட்டியில லைட்டு எரியல மாமி, அக்கா ஆறு மணிக்குத்தான் வரும், நான் போயிட்டு வாரேன், ஒருநாள்தானேன்னான். எனக்கு வந்துச்சே ஆத்திரம்! இந்த வீட்டு வாசல்ல நின்னு அந்த வார்த்தையச் சொல்லாதலேன்னேன். என் பிள்ளை பெட்டியக் கழட்டி அவன் கையில கொடுத்தேன். எங்கேயாவது இறக்கி வச்சே, திரும்பி வந்தா காலை ஒடிச்சிருவேன்னும் சொன்னேன்."

"அதச் சொல்ல நீங்க மாடிக்கு வந்திருக்கலாமே மாமி!"

"வந்தேனே. ஒம்பது மணிக்கு, இத முந்தானையில பொதிஞ்சு எடுத்துட்டு வந்தேன். படியில நிக்கும்போது அந்த ஆபீசர் எம்பத்தேழப் பத்திக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. உனக்குப் பொல்லாப்பு வந்துரக்கூடாதுன்னு சத்தங்காட்டாமத் திரும்பிட்டேன்." அவள் முகம் வெளிறியது. "ஏன், தப்பாப் போச்சா?"

ஆக்னஸ் தரையில் உட்கார்ந்து பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினாள். மூடியைத் திறந்தவுடனே நோய் தெரிந்தது. பாட்டரி முனையில் உப்புக்காற்று பிடித்துப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. கத்தியால் சுரண்டப் பார்த்தாள். கத்தி வழுக்கியது.

மூன்று வருடத்துக்கு முன்னாலும் இதே மாதிரி ஒரு பெட்டி அவள் மேசைமேல் பிரிந்து கிடந்தது. எதிரே அமலன் நின்றுகொண்டிருந்தான்.

"மாமி," என்றாள், தலை நிமிராமல். "நான் ஒரு விஷயத்த உங்ககிட்ட மறைச்சிட்டேன். அன்னைக்கு அமலன் பெட்டிய மறந்துட்டுப் போகல. எங்கிட்ட ரிப்பேருக்குக் கொடுத்திருந்தான். போகட்டுமா அக்கான்னு கேட்டான். ஒருநாள்தானே, பக்கத்துல போயிட்டு வான்னு நான்தான் சொன்னேன். அதனாலதான் பட்டியல்ல இருந்து அவன் நம்பர எடுக்க எனக்குக் கை வரல. நீங்க நினைச்ச மாதிரி நான் நல்லவ இல்ல."

வெளியே முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. பிலோமினா அடுக்களைக்குள் போனாள். போய்விட்டாள் என்றே ஆக்னஸ் நினைத்தாள். ஆனால் ஒரு கையில் புளியும் மறு கையில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷுமாகத் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"கத்திய வை. களிம்புக்குப் புளிதான் கேக்கும். குத்துவிளக்க எதுல தேய்க்கோம்?" அவளே பெட்டியை மடியில் வாங்கி, இரண்டே இழுப்பில் பித்தளை தெரியத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே பேசினாள். "அன்னைக்குப் படகத் தள்ளுததுக்கு முன்னால அமலன் வீட்டுக்கு வந்தான். பெட்டி இல்லம்மா, அக்கா ஒருநாள்தானேன்னுச்சுன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆமால, ஒருநாள்தானே, போயிட்டு வான்னேன். நீ சொன்னதத்தான் நானும் சொன்னேன், பெத்தவ நான். உனக்கு மன்னிப்பு கேக்க நான் இருக்கேன். நான் யாருகிட்டப் போய்க் கேக்க?"

ஆக்னஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருடமாக இந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறாள். ஒரே வார்த்தையை இரண்டு பேரும் தனித்தனியாக நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"இன்னைக்கு இன்னாசி அதே வார்த்தையச் சொன்னப்ப," என்றாள் பிலோமினா, "ஆண்டவர் எனக்கு இன்னொரு தடவ கேள்வி கேக்காருன்னு நினைச்சேன். இந்தா, துடைச்சாச்சு. மாட்டு."

ஈரத்தை முந்தானையால் ஒற்றி எடுத்து, ஆக்னஸ் பாட்டரியைப் பொருத்தினாள். சிவப்பு விளக்கு ஒரு தடவை சிமிட்டி அணைந்தது. மறுபடி சிவப்பு. பிறகு பச்சை.

பெட்டியின் சின்னத் திரையில் எழுத்துகள் வந்தன. முப்பத்தொன்று, ஆஜர். அடுத்த வரி: நீ முப்பத்தொன்று. மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு.

அதன் பிறகு எண்கள் ஓடத் தொடங்கின. படிக்க முடியாத வேகத்தில், மழை கண்ணாடியில் வழிவதுபோல. பெட்டி லேசாகச் சூடேறி மெல்ல முனகியது. பிலோமினா தன்னையறியாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்னம்மா பேசிக்கிடுதுக?"

"கடலத் துண்டு துண்டாப் பிரிச்சு ஆளுக்கு ஒரு துண்டு எடுத்திருக்குக மாமி. தன் துண்டுல காத்து எப்படித் திரும்புதுன்னு ஒவ்வொண்ணும் கணக்குப் போடும். ஆனா காத்து வேலிக்குள்ள நிக்காதுல்லா? அதனால தன் ஓரத்துல என்ன நடக்குதுன்னு பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும். அது தனக்குப் பக்கத்துல இருக்கதுக்குச் சொல்லும். யாருக்கும் முழுசாத் தெரியாது. சொல்லிச் சொல்லியே முழுசா ஆயிரும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்ப நம்மளும் அப்படித்தான்" என்று பிலோமினா சொன்னாள். "நமக்கு மூணு வருஷம் பிடிச்சிருக்கு."

ஆக்னஸின் கைப்பேசி அடித்தது. நெய்னா அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "அக்கா! தொடங்கிருச்சு. வழி வந்துருச்சு, எல்லாப் படகுக்கும் தனித்தனியா வழி! நீங்க பார்க்கணுமே. சுழி எங்க திரும்பப் போகுதுன்னு அது திரும்பறதுக்கு முன்னாலயே... நான் இதை ஆய்வுக்கூடத்துல நூறு தடவை ஓட்டியிருக்கேன். நிஜமாப் பார்த்ததில்ல."

"எம்பத்தேழு?"

"வடக்கே திரும்பிருச்சு. வருது."

ஆக்னஸ் எழ முயன்றாள். பிலோமினா அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "நீ கரைக்குப் போ. இது அணையாம நான் பார்த்துக்கிடுதேன்" என்று சொல்லி, குழந்தையை அணைப்பதைப்போலப் பெட்டியைச் சுற்றித் தன் இரு கைகளையும் வைத்தாள்.

பேய்ச்சுழி வந்தது. ஏலக்கூடத்தின் ஓடுகளில் பாதியைக் கொண்டுபோனது. ஐஸ் வண்டி ஒன்றைக் கவிழ்த்தது. ஆனால் அது கடந்த பாதையில் அன்றைக்குப் படகு ஒன்றுகூட இல்லை. சில வடக்கே சுற்றியும், சில சுழியின் முதுகுக்குப் பின்னால் காத்திருந்தும், மழைத்திரையைக் கிழித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தன. கரையில் ஊரே நின்றது. யாரும் எண்ணவில்லை, கடலில் இருக்கிறவர்களை எண்ணுவது அந்த ஊரில் வழக்கமில்லை. எண்ணுகிற வேலையை மாடியில் ஒரு காயல்பட்டினத்துக்காரன் ஜன்னலில் தொங்கியபடி எல்லோருக்காகவும் செய்துகொண்டிருந்தான்.

கடைசியாகச் சம்மனசு வந்தது. இன்னாசி குதித்து இறங்கினான். நெஞ்சோடு கட்டியிருந்த பெட்டியை அவிழ்க்காமலே அக்காவிடம் வந்தான்.

"மாமி எங்க? பெட்டிய இறக்கி வைக்கலன்னு சொல்லணும். கால ஒடிச்சிருவேன்னு சொல்லியிருக்கு."

"ஏன்ல, நெஞ்சோடயா கட்டிக்கிட்டே?"

"நல்லா இருக்கே! எம்பத்தேழுக்கு ஏதாவது ஆச்சுன்னா கடலே தேவலன்னு ஆயிருமே." சொல்லிவிட்டு அவன் உதடு கோணியது. ஆக்னஸ் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். நடுவில் பெட்டி உறுத்தியது, இருவருமே நகரவில்லை.

மாலையில் மாடியில் தண்ணீரைத் துடைத்து முடித்தபின் நெய்னா தணிக்கைத் தாளை எடுத்தான். எண்பத்தேழுக்கு நேரே காலையில் எழுதியது அப்படியே இருந்தது: படகு மூழ்கியது, எண்ணை நீக்குக.

"இத நான் நேத்தே வந்து நீக்கியிருந்தா?" என்று கேட்டான்.

ஆக்னஸுக்கு அது புரிய ஒரு கணம் ஆயிற்று. எண்பத்தேழு பட்டியலில் இல்லாமல் இருந்தால், இன்னாசி கையில் பிலோமினா கொடுத்த பெட்டி வெறும் கறுப்புக் கல். எத்தனை ஆஜர் சொன்னாலும் யாரும் அதைச் சேர்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வழி அதற்கு வந்திருக்காது.

"நான் அத எடுக்காம விட்டது சட்டப்படி தப்புதான் தம்பி. அதுக்கு நீங்க என்ன எழுதணுமோ எழுதுங்க."

"தப்புதான். எழுதத்தான் போறேன்." பேனாவைத் திறந்தான். "ஒண்ணு மட்டும் கேக்கிறேன் அக்கா. மத்த ஊர் பட்டியல்லயும் படகு இல்லாத ஒரு நம்பர் சேர்க்கச் சொல்லிப் பரிந்துரை பண்ணலாமா? மாற்றுப் பெட்டின்னு. அதுக்கு ஒரு வீடு வேணும். காலையில எழுந்து அதைப் போட்டுவிட ஒரு ஆள் வேணும்."

"ஊருக்கு ஒருத்தங்க இருப்பாங்க" என்றாள் ஆக்னஸ். "எங்கேயும் இருப்பாங்க. கேட்டுத்தான் பாருங்களேன்."

அவன் முதல் பஸ்ஸுக்குப் போக வேண்டியவன். மறுநாள் காலை ஏழு மணிக்கு மாடியில்தான் இருந்தான். சோதனை ஆஜரைக் கேட்டுவிட்டுப் போகிறேன் என்றான். ஆக்னஸ் சிலுவை அடையாளம் இட்டு அழைப்பை அனுப்பினாள். அமைதியான கடலின்மேல் புள்ளிகள் எழுந்தன. எண்பத்தேழு ஆழக்கடலில், இன்னாசியின் படகில். அதை அவனிடமே விட்டுவிடும்படி பிலோமினா சொல்லிவிட்டாள். அது கடல் பார்த்து மூன்று வருஷமாச்சாம். முப்பத்தொன்று மட்டும் கொஞ்சம் பிந்தியது. கோயிலுக்குப் பின்னால், இரண்டாவது தெருவில், யாரோ பூசை முடிந்து வேகவேகமாக வீட்டுக்கு நடந்துகொண்டிருக்க வேண்டும்.

நூற்று நாற்பத்து மூன்று பெட்டிகள் காத்திருந்தன. நெய்னாவும் ஆக்னஸும் காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படவில்லை.

முப்பத்தொன்று, ஆஜர்.

நெய்னா தாளை மடித்துப் பையில் வைத்தான். எண்பத்தேழுக்கு நேரே இருந்த வரியை அடித்திருந்தான். பக்கத்தில், தன் நுணுக்கமான எழுத்தில், புதிதாக ஒரு வார்த்தைதான் எழுதியிருந்தான்: கடலில்.